ஐந்தாவது டீ

ஞாயிறு, மீன் ஏலம் முடிந்து
காசிமேடு கழுவிவிடப்பட்ட பிறகு
ராயபுரத்தில் பெனடிக்ட்டின் மாடி அறையில்
யுத்தம்.

ஆறடிக்கு நாலடி பிளைவுட்.
எண்ணூர் அனல்மின் சாம்பலைப்
பசையில் குழைத்துப் பூசினோம், அது நிலம்.
ஐஸ் பெட்டித் தெர்மாகோலைச்
சூட்டுக் கம்பியால் அறுத்து
அடுக்கினோம், அது குன்று.
மூன்று கோட்டிங் அடித்தும்
குன்றிலிருந்து வஞ்சிர வாசம் போகவில்லை.
எங்கள் உலகத்தில்
மலைகள் அப்படித்தான் மணக்கும்.

என் படையில் நாற்பத்திரண்டு பேர்.
கட்டைவிரலின் மேல்கணு உயரம் ஒவ்வொருவனும்.
அவர்களுக்குக் கண் திறந்தவள் ஷமீலா,
பழைய வண்ணாரப்பேட்டையில்
மணப்பெண்களுக்கு இமை எழுதுகிறவள்.
பிரஷில் ஒரே ஒரு மயிரை விட்டுவைத்து
மூச்சை நிறுத்தி
வெள்ளைப் புள்ளி, அதற்குள் கறுப்பு.
"மூச்சு விட்டா மாறுகண்ணு."
என் தளபதிக்கு மாறுகண்.
சரியாக அந்த நொடியில்
தெருமுனையில் சாவு மேளம் ஆரம்பித்தது.

முனிரத்தினத்தின் படை மட்டும்
வாங்கிய நாளின் பிளாஸ்டிக் சாம்பல் நிறத்திலேயே
மூன்று வருஷம் நின்றது.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
முப்பது டன் பெட்டியை
டிரெய்லர் முதுகில் முட்டை போல இறக்கும் கை
பிரஷைத் தொட்டால் நடுங்கும்.
"பெருசுக்குப் பயமில்ல மச்சான்.
சின்னதுதான் பேஜாரு."
நிலமும் சாம்பல், தன் ஆட்களும் சாம்பல்,
ஆகவே எதிரி கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்
என்றுகூட ஒருமுறை வாதாடிப் பார்த்தான்.

ஷமீலா போட்ட சட்டம் அசையவில்லை:
வண்ணம் பூசாத வீரனின் பகடையில்
ஒன்று குறையும்.
அதாவது, ஆறு என்ற எண்
மூன்று வருஷமாக அவனுக்குக் கிடையாது.
டீக்காசு மட்டும் வாரா வாரம் அவனுடையது.

போன வாரம்
சட்டைப்பையில் கைக்குட்டை சுற்றி
ஒருவனைக் கொண்டுவந்தான்.
மஞ்சள்.
தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை கிரேன் மஞ்சள்.
டப்பா அடியில் மிஞ்சிய யார்டு பெயிண்டில்
முக்கி எடுத்திருந்தான்.
கண் மூக்கு கவசம் எல்லாம் முழுகிப்போய்,
துப்பாக்கி
ஒரு வாழைப்பழம்.

ஷமீலா அவனை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"பூசினதுதான்" என்றாள்.

தையல் டேப்பில் ஆறு அங்குலம் நடந்து
குன்றின் அடிவாரத்துக்கு வந்தான் மஞ்சளன்.
மேலே என் மாறுகண் தளபதி,
அவனைப் பார்த்தபடியும்
பார்க்காதபடியும்.
ஆறு விழுந்தால் தளபதி காலி.
வேறு எது விழுந்தாலும் ஒன்றுமில்லை.

முனிரத்தினம் குலுக்கினான்.
இரண்டு கையாலும் குலுக்கினான்.
எறிந்தான், கிரேன்காரன் பலத்தோடு.
பகடை குன்றில் மோதி
பெனடிக்ட்டின் தோளில் பட்டு
வாசல் தாண்டி
இரும்புப் படியில்
டங் டங் டங் டங்
ஒவ்வொரு படியாக

குழாயடியில் எஸ்தர் அக்கா.
"டேய், இன்னாடா இது?"

என்ன நம்பர், என்ன நம்பர் என்று
நாலு பேரும் கத்தினோம்.

"இரு, எண்றேன்...
ஆறு. ஆறுன்னா நல்லதா?"

மேசையை விட்டு விழுந்தது கணக்கில் வராது.
புத்தகத்தில் இருக்கிறது, பக்கமும் தெரியும்,
பெனடிக்ட் புரட்டாமல் நின்றான்.
என் தளபதியைப் படுக்கவைக்க
நான் கை நீட்டிவிட்டேன்.
"ஏய், வை" என்றான் முனிரத்தினம்.
"கீழ விழுந்தா செல்லாது. சட்டம்."

எடுத்துவர இறங்கினான்.
வரவில்லை.
ஜன்னல் வழியாகப் பார்த்தோம்:
ஈரச் சிமெண்டில் குத்தவைத்து
அந்த ஆறைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
எஸ்தர் அக்கா அதன்மேல் தண்ணீர் படாமல்
குடத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

மேலே வந்து மறுபடி உருட்டினான்.
இரண்டு.
அடுத்த சுற்றில் மஞ்சளன் செத்தான்.
அவனை மல்லாத்திக் கிடத்தியதில்
முதுகில் ஓர் இடம் பூசாமல் விட்டிருந்தது தெரிந்தது,
விரலால் பிடித்திருந்த இடம்.
யாரும் சொல்லவில்லை.

தோற்றவன் டீ சொல்ல வேண்டும்.
நாங்கள் நாலு பேர்.
ஜன்னலில் எட்டி
கடைப்பையனிடம் அஞ்சு என்றான்.
ஒன்றைக் குழாயடியில் கொடுக்கச் சொன்னான்,
சக்கரை தூக்கலாக.